வழிமொழிபவர்

ஹரோ, லண்டன், மார்ச் 2026

அன்பு மகனுக்கு,

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ குரொய்டனில் கவுன்சில் தேர்தலுக்கு நிற்கப் போவதாகச் சின்ன மாமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு போனும் இல்லை. சரி, வேலை இருக்கும்.

இருட்டினபின் தனியே கதவு தட்டப் போகாதே. போன வருடம் மே மாதம், குடிவரவை எதிர்க்கும் ரிஃபோம் கட்சி 10 கவுன்சில்களைப் பிடித்ததிலிருந்து எனக்கு இதே யோசனைதான். கென்ற் கவுன்சில் 1997 இலிருந்து கொன்சர்வேட்டிவ் கட்சியின் கையில் இருந்த இடம். 81 ஆசனத்தில் 57 ரிஃபோமுக்குப் போய், இருந்தவர்களுக்கு 5 தான் மிஞ்சியது. ஒரே நாளில் இப்படி மாறுமென்றால் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன கோபம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. சாப்பிட்டுவிட்டுப் போ.

குரொய்டன் லேசான இடமும் இல்லை. 2020 இலும் 2022 இலும் காசில்லை என்று கைவிரித்த கவுன்சில். 2023 இல் வரியைக் கிட்டத்தட்ட 15 வீதம் கூட்டினார்கள். கூட்டியவர் கொன்சர்வேட்டிவ் மேயர்தான், ஆனால் கடன் பெருகியது உங்கள் தொழிற்கட்சி ஆண்ட காலத்தில். வாசலில் கேட்பார்கள். மழுப்பாமல் ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகு பேசு. நீ அப்படிப் பேசக்கூடியவன். 2022 இல் நீ இங்கே ஹரோவில் தேர்தலுக்கு நின்றபோது, மழைக்குள் ஒரு கிழவி தன் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறுவதைச் சொல்லிக்கொண்டிருக்க, நீ குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாய். தெருவின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். உன்னிடம் சொன்னதில்லை.

அந்த முறை தோற்றது உன்னால் அல்ல. அன்றுதான் உங்கள் கட்சி வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலை முதல் தடவையாகப் பிடித்தது, கையிலிருந்த ஹரோவை 31க்கு 24 என்று கொன்சர்வேட்டிவிடம் விட்டது. அதற்காக வீடு மாற வேண்டுமா? அம்மா இன்னும் உன் அறையைக் கூட்டுகிறா.

தோல்விக்காக நீ போகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வேட்புமனுப் படிவத்தைச் சமையலறை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தாய். முன்மொழிபவர் பெயர் இருந்தது. வழிமொழிபவர் கோடு வெறுமையாக இருந்தது. கண்ணாடியைக் காணவில்லை என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. நீயும் பார்த்தாய். ஒன்றும் பேசாமல் தாளை மடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாய்.

1981 இல் எனக்கு 22 வயது. ஜூன் 4 யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குள் ஒரு வேட்பாளரைச் சுட்டுக் கொன்றார்கள், நூலகமும் எரிந்தது. எந்தத் தாளிலும் பெயர் வைக்காதே என்று அப்பப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். நாற்பது வருடம் கழித்து ஹரோவில் அந்தப் பயம்தான் என் கையைப் பிடித்தது. பயம் என்று சொல்லியிருந்தாலும் நீ விளங்கியிருப்பாய். நான் பொய் சொன்னேன். பிழை என்னுடையது, மகனே.

இப்போது போடலாமென்றால் அது செல்லாதாம். அந்த வட்டாரத்து வாக்காளர்தான் போட வேண்டுமாம், விசாரித்தேன். கையெழுத்துகளைக் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் வாங்கிவிடு. துண்டுப் பிரசுரம் போட ஆள் தேவையென்றால் சனிக்கிழமைகளில் வருகிறேன், முதியவர்களுக்கு பஸ்ஸும் ரயிலும் இலவசமாக்கும் ஃப்ரீடம் பாஸ் இருக்கிறது. கதவுத் துவாரத்துக்குள் கை விட்டால் சில வீட்டு நாய்கள் விரலைக் கடிக்குமாம். தாளைத் தள்ள அம்மாவிடம் ஒரு மரக் கரண்டி கேட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா