கோத்தகிரி யோசனையும் மஞ்சக்குப்பம் வெயிலும்

கடலூர், மஞ்சக்குப்பம்
செப்டம்பர் 21, 2025

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். உனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம் என்று உன் தம்பி சொன்னான். ஆறு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கோபம். யார் மேல் என்கிறாயா? உன் மேல்தான்.

மார்கழியில் நான் கோத்தகிரிக்கு வந்தபோது வீட்டுப் பின்னால் உன் பாலித்தீன் குடிலுக்குள் கூட்டிப்போனாயே, ஞாபகமிருக்கிறதா? வெளியே பல் கிட்டுகிறது. உள்ளே கதகதப்பில் குடைமிளகாய் தொங்குகிறது. "நீயும் மாடியில் ஒன்று போடுடி" என்றாய். ஊர் திரும்பியதும் போட்டுவிட்டேன். 10க்கு 8 அடி, ஜிஐ குழாய்ச் சட்டம், 200 மைக்ரான் பாலித்தீன். தையும் மாசியும் ராஜபோகம்தான். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் மாடியேற்றிக் காட்டினேன்.

பங்குனி பிறந்ததும் தக்காளிப் பூவெல்லாம் கொட்ட ஆரம்பித்தது. காம்பு மஞ்சளாகி, விரல் பட்டாலே கையோடு வந்தது. மண்புழு உரம் அள்ளிப் போட்டேன். அப்புறம் கண் பட்டிருக்கும் என்று வாசலில் படிகாரம் கட்டினேன், சிரிக்காதே. கடைசியில் இவர்தான் ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய் உள்ளே மாட்டினார். காலை 11 மணிக்கு வெளியே 35, உள்ளே 46! அந்தச் சூட்டில் தக்காளியின் மகரந்தமே வீணாகிவிடுமாம். அப்புறம் காய் எங்கே பிடிக்கும்? குடிலுக்கு "வசந்தா ஆவிக்குளியல் நிலையம்" என்று இவர் பெயரே வைத்துவிட்டார்.

உனக்குத் தடுக்க வேண்டியது குளிர். எனக்கு வெயிலும் ஐப்பசி மழையும். இது புரிய எனக்கு ஒரு கோடை செலவானது. நடுவில் புகைபோல நீர் தெளிக்கும் குழாய் வேறு வாங்கினேன். தெளித்த நீர் ஆவியானால்தானே குளிரும்? கடற்காற்றிலேயே ஈரம் ததும்புகிற ஊர் இது. இலை நனைந்து பூஞ்சணம் வந்ததுதான் மிச்சம்.

இப்போது பாலித்தீனைக் கழற்றிவிட்டு, பாதி வெயிலைத் தடுக்கிற 50 சதவீத நிழல்வலை. முகட்டில் ஒரு முழம் திறந்தே விட்டிருக்கிறேன், சூடு மேலே ஏறிப் போய்விடுகிறது. மதியம் கடற்காற்று எழும்பினால் உள்ளே ஸ்டூல் போட்டு உட்காரலாம். ஆனால் வலை தேனீயைத்தான் தடுத்தது, வெள்ளை ஈ தாராளமாக வந்து போகிறது. அதனால் காலையில் தக்காளிக் கொடி கட்டிய கயிற்றை விரலால் சுண்டிவிட்டு, வெள்ளரியின் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறேன். பெண் பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிஞ்சு ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். பாட்டனி மிஸ் பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள்.

இனிமேல்தான் கவலை. கத்தரி, மிளகாய் நாற்றுக்குக் குழித்தட்டு தயார். ஐப்பசி மழை நேரே விழுந்தால் நாற்று அழுகிவிடும், அதனால் மேலே மட்டும் பாலித்தீன் வேண்டும். ஆனால் புயலில் அதுவே பாய்மரம் ஆகாதா? தளத்தில் துளை போட்டால் ஒழுகும் என்று கால்களைக் கான்கிரீட் நிரப்பிய வாளிகளில்தான் நிறுத்தியிருக்கிறேன். பெயர்ந்து அடுத்த வீட்டுத் தகரக் கூரையில் விழுந்தால்? போன வருஷம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியதே, அன்று முழுக்கத் தூங்காமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

அன்றைக்கு எனக்கு உன் அப்பா நினைவுதான். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு பண்ருட்டிக் கொல்லையில், வேரோடு சாய்ந்த பலாவின் மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார். நாம் கொண்டுபோன காபி ஆறிப்போயிற்று.

புயல் எச்சரிக்கை வந்தால் அரை மணியில் உருவிவிடும்படி பாலித்தீனைக் கிளிப்பில் மாட்டலாம் என்பது என் கணக்கு. சட்டம் மட்டும் நின்றால் காற்று ஊடே போய்விடும். இவரோ மொத்தமும் பிரித்து வை என்கிறார். உன் தம்பி கட்டட வேலை தெரிந்தவன், கேட்டு எழுது. இந்தத் தடவை உன் சொந்த யோசனை வேண்டாம்.

அவனிடம் நாலு வெள்ளரி கொடுத்தனுப்புகிறேன். ஒன்று கோணலாக வளைந்திருக்கும். அது யாருக்கென்று உனக்கே தெரியும்.

உன்,
மல்லிகா