பெயரொத்தோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வழக்கம்போல இந்த அறிக்கையிலும் நம் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் விளங்காது. உறுப்பினர் எண்ணையே பெயராகக் கொள்ள வேண்டுகிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 41 பேர் இருந்தோம். ஆறு பேர் சேர்ந்தார்கள், ஒருவரை இழந்தோம். இன்று 46 பேர். ஏழாவதாக விண்ணப்பித்தவருக்காக மட்டும் இரண்டு செயற்குழுக் கூட்டங்கள் கழிந்தன. நம் பெயரில் லகரம் வரும் இடத்தில் அவர் பெயரில் ளகரம் இருக்கிறது. "சான்றிதழ் எழுதியவர் செய்த பிழை அது. அம்மா என்னைக் கூப்பிட்டது உங்கள் பெயரைச் சொல்லித்தான்" என்று வாதாடினார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற 4, இரண்டு எழுத்துகளையும் எல்லோரும் உச்சரித்துக் காட்ட வேண்டும் என்றார். விண்ணப்பித்தவர் பிசகாமல் சொன்னார். செயற்குழுவில் பாதிப் பேரால் முடியவில்லை. அதற்கு மேல் அவரை மறுக்க எங்களுக்கு முகமில்லை. இப்போதைக்குப் பார்வையாளராகச் சேர்த்திருக்கிறோம். முழு உறுப்பினர் ஆக்குவதா என்பதைப் பொதுக்குழு இன்று முடிவு செய்யட்டும்.

நான்கு கூட்டங்கள் நடந்தன. மூன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்றில், நமக்கு முன்னோடியான சங்கங்களைப் பற்றி 12 பேசினார். அமெரிக்காவில் புல்மன் நிறுவனத்தின் படுக்கை ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினத்தவரை, அவர்களுடைய பெயர் எதுவானாலும், பயணிகள் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்களாம். ஜார்ஜ் என்பது முதலாளி புல்மனின் பெயர். அடிமையை எஜமானின் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம். அப்படி அழைப்பதை நிறுத்த வேண்டும் என்று 1914இல் ஜார்ஜ் டுலானி என்ற மர வியாபாரி ஒரு சங்கத்தைப் பாதி வேடிக்கையாகத் தொடங்கினார். உறுப்பினர் பட்டியல் சுமார் 31,000 வரை போனது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜும், இயற்பெயரில் ஜார்ஜாக இருந்த பேஸ்பால் வீரர் பேப் ரூத்தும் அதில் உண்டு. 1926இல் புல்மன் நிறுவனம், பணியில் இருப்பவரின் பெயரை அட்டையில் எழுதிப் பெட்டிகளில் வைக்கத் தொடங்கியது. ஊழியர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தபோது, 12,000 பேரில் உண்மையான ஜார்ஜ்கள் 362 பேர்தான். "சங்கத்தாரின் வருத்தமெல்லாம் தங்கள் பெயர் மலிவாகிறதே என்பதுதான். சொந்தப் பெயரை இழந்து நின்றவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி 12 உட்கார்ந்துவிட்டார். அன்று நன்றி கூற யாரும் எழவில்லை, இங்கே கூறிவிடுகிறேன்.

அதே கூட்டத்தில், உலக சாதனைக்கு முயல வேண்டும் என்று 30 கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. டெக்சாஸில் கைல் என்றொரு நகரமே உலகத்துக் கைல்களையெல்லாம் அழைத்தது. 2023 மே மாதம் 1,490 பேர் வந்தார்கள். அப்படியும், 2017இல் போஸ்னியாவில் கூடிய 2,325 இவான்களை எட்ட முடியவில்லை. நாம் 46 பேர் போய் எங்கே நிற்பது? முழுப்பெயர்ப் பிரிவில் போட்டி குறைவு என்று 30 விடாமல் மடக்கினார். 2005இல் அமெரிக்காவில் 164 மார்த்தா ஸ்டூவர்ட்கள் கூடிச் சாதனை செய்தார்கள், 2022இல் டோக்கியோவில் 178 டனாகா ஹிரோகாஸுக்கள் அதை முறியடித்தார்கள் என்றார். உண்மைதான். ஆனால் நம் சங்கத்தில் முழுப்பெயரும் ஒத்தவர்கள் இருவரே. அவர்களும் மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை.

வங்கிக் கணக்கு இன்னும் திறந்தபாடில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்ட படிவம், "ஒருவரே மூன்று இடத்திலும் கையெழுத்திடக் கூடாது" என்ற குறிப்போடு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை மூவரும் நேரில் போய், கவுன்ட்டர் முன்னால் வரிசையாக நின்றுவிட்டு வந்திருக்கிறோம்.

உறுப்பினர் 19 மறைந்த செய்தியைக் குழுவில் பதிந்தது நான்தான். பதற்றத்தில் எண்ணைப் போட மறந்து, பெயரை மட்டும் போட்டுவிட்டேன். அரை மணிக்குள் 23இன் வீட்டுக்கு ஐந்து தொலைபேசி அழைப்புகள். ஐந்தாவதை அவரே எடுத்து, "நான்தான் பேசுகிறேன், இருக்கிறேன்" என்றாராம். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், எழுத்திலும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் பதினொரு பேர் 19இன் வீட்டுக்குப் போனோம். 23உம் வந்தார். வாசலில் நின்ற மகளுக்கு எங்கள் யாரையும் தெரியாது. "நீங்கள்?" என்று கேட்டார். முதலில் நின்றவர் தம் பெயரைச் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாவதாக நின்ற நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டார். பின்னால் இருந்தவர்கள் பெயர் சொல்லவில்லை. "அப்பாவின் சங்கத்திலிருந்து வருகிறோம், அம்மா" என்றார் 4.

19 என்ற எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று 23 முன்மொழிய, 4 வழிமொழிய, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதன் பிறகு புதிய நிர்வாகிகள் தேர்தல். வாக்குச்சீட்டில் உறுப்பினர் எண்ணை மட்டுமே எழுதுங்கள். சென்ற ஆண்டு ஒன்பது பேர் பெயரை எழுதிப் போட்டார்கள். எண்ணியவர் அந்த ஒன்பதையும் தமக்கு விழுந்ததாகவே கணக்கு வைத்துக்கொண்டார்.

இங்ஙனம்,
செயலாளர் (உறுப்பினர் 7)