பதினொரு மணிக்குப் பஸ்ஸை எடுக்காதீர்கள்: பருந்து பார்க்க அழைத்துப்போன நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்தது. நான்கு வரி. "பறவைகளின் வருகை இயற்கையைப் பொறுத்தது, அதற்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது" என்று எழுதி, அடுத்த பயணத்துக்குப் பத்து விழுக்காடு கழிவு தருவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் நான் அனுப்பிய புகாரை யாரும் படிக்கவில்லை என்பது அந்த நான்கு வரியிலேயே தெரிகிறது. பறவைகள் வரவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பறவைகள் வந்தன. கடலைத் தாண்டி, நீங்கள் விளம்பரத்தில் சொன்ன அதே நாளில், அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. கிளம்பிப் போனது நம்முடைய பஸ்தான்.

அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, கழிவும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மலாக்கா நீரிணைக் கரையில் இருக்கிற தஞ்சோங் துவான் குன்றின் மேல் காலை பத்தரையிலிருந்து பிற்பகல் மூன்று வரை ஆட்களை இருக்க விடுங்கள்.

பயண நிரல் நீங்கள் போட்டது, அதனால் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. ஆறே முக்காலுக்கு எல்லோரையும் ஹோட்டலிலிருந்து கிளப்பினீர்கள். பசியாறக்கூட நேரம் இல்லாமல் ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கையில். ஏழரைக்குக் காட்டு வாசல், எட்டேகாலுக்குக் கலங்கரை விளக்கம், பத்து நாற்பதுக்கு "எல்லோரும் இறங்கலாம்". பறவை பார்ப்பதென்றால் விடியற்காலையில்தான் என்று உங்கள் அலுவலகத்தில் யாரோ எங்கேயோ படித்திருக்கிறார் போலிருக்கிறது. மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் அது சரி. நீரிணையைக் கடந்து வருகிற பருந்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஏன் ஒத்துவராது என்பதை உங்கள் வழிகாட்டி எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்ச்சில் சுமத்ரா வழியாக வடக்கே வலசை திரும்புகிற தேன் பருந்து அவ்வளவு தூரத்தையும் இறக்கை அடித்தே கடக்கிற பறவை அல்ல. வெயில் ஏறித் தரை சூடானால் காற்று மேலே எழும்பும், அந்தக் காற்றில் ஏறி வட்டமடித்து வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு, அப்புறம் இறக்கையை விரித்தபடியே சறுக்கிப் போகும். சுமத்ராவை ஒட்டியிருக்கிற ருப்பாட் தீவில் அந்தக் காற்று எழும்பவே வெயில் நன்றாக ஏற வேண்டும். அங்கிருந்து நம் கரைக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர் கடல். தரையில் கிடைக்கிற மாதிரி தூக்கிவிடுகிற காற்று கடல் மேல் கிடைக்காது, சேர்த்து வைத்த உயரம் வழியிலேயே கரைந்துபோகும், மிச்சத் தூரத்துக்கு இறக்கையை அடித்தே ஆக வேண்டும். அதனால்தான் தஞ்சோங் துவானுக்கு வந்து சேரும்போது அவை களைத்துப்போய், தாழ்ந்து, மர உச்சியை உரசுகிற மாதிரி வருகின்றன. கழுத்தின் நிறமும் வயிற்றுக் கோடுகளும் வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தத் தாழ்வைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் மூன்றுகால் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மார்ச் மாத வெயிலில் இந்தக் குன்றேறுகிறார்கள். எட்டு மணிக்கு அங்கே குரங்குகள் இருக்கும். எங்கள் நாசி லெமாக்கில் இரண்டு பொட்டலம் அவற்றுக்குத்தான் போயிற்று.

வழிகாட்டித் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பிள்ளை, வயதானவர்களின் பையை வாங்கிச் சுமந்தான். போர்த்துகீசியர் காலத்திலிருந்தே இங்கே விளக்கு எரிந்தது, இப்போது நிற்கிற கோபுரம் 1863-இல் கட்டியது, 1606-இல் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியர்களும் இதே கடலில் மோதிக்கொண்டார்கள், சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருக்க இந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது என்று நாற்பது நிமிடம் அழகாகப் பேசினான். எல்லாம் சரிதான். ஆனால் பருந்து பற்றிக் கேட்டபோதெல்லாம் கைப்பேசியை எடுத்தான். ஒன்பது மணி வாக்கில் ஒரு செம்பருந்து மேலே வந்தது. "அதோ, வலசை ஆரம்பித்துவிட்டது!" என்று தம்பி கத்த, இருபத்தெட்டுப் பேரும் கேமராவைத் தூக்கினார்கள். எங்கள் அத்தை மட்டும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "இது நம்ம கருடன்பா, கிள்ளான்ல மீன் மார்க்கெட்டுக்கு மேலேயே நாளெல்லாம் சுத்துமே" என்றார். பஸ்ஸே சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு. தம்பியும் சேர்ந்து சிரித்தான், அது அவன் பெருந்தன்மை. அவனுக்கு ஒரு நாள் பயிற்சிகூடத் தராமல் அனுப்பிவைத்தது யாருடைய பெருந்தன்மை என்று தெரியவில்லை.

அத்தையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமே அவர்தான்.

அவருக்கு வயது 71. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. பிறந்து வளர்ந்தது லுக்குட் பக்கம் ஒரு தோட்டத்தில், இப்போது அங்கே பால்மரமும் (ரப்பர்) இல்லை செம்பனையும் (எண்ணெய்ப்பனை) இல்லை, வீடமைப்புப் பகுதி. சின்ன வயதில் அம்மாவோடு பால்மரம் சீவப் போவார். விடியுமுன் சீவ ஆரம்பித்து, கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு நிறுக்கிற இடத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்களாம். பிப்ரவரி, மார்ச்சில் அந்த வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேல் பருந்துகள் கூட்டமாகச் சுழன்று சுழன்று ஏறி வடக்கே போகுமாம். அத்தையின் அப்பா அதற்கு அக்கரைப் பருந்து என்று பெயர் வைத்திருந்தார். அக்கரையிலிருந்து வருகிறது, அக்கரைக்கே போகிறது, நாம்தான் நடுவில் நிற்கிறோம் என்பாராம் (அவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை, அது வேறு கதை). அந்தப் பருந்துகள் கடலிலிருந்து கரையேறுகிற இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது அத்தைக்கு ஐம்பது வருட ஆசை. இத்தனைக்கும் அந்தத் தோட்டத்திலிருந்து இந்தக் குன்று அப்படியொன்றும் தூரமில்லை. அந்தக் காலத்தில் யார் அழைத்துப் போவது?

உங்கள் விளம்பரத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அவருக்கு அனுப்பியது நான். ஆளுக்கு 380 வெள்ளி (ரிங்கிட்) கட்டியதும் நான். அதனால் எனக்குத்தான் உறுத்துகிறது.

அந்த ஏற்றம் உங்களுக்குத் தெரியும். தார்ச்சாலைதான், ஆனால் செங்குத்து. மற்றவர்கள் அரை மணியில் ஏறியதை அத்தை ஏழு இடத்தில் நின்று நின்று ஏறினார். ஏறும்போதே தம்பியிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இவ்வளவு சீக்கிரம்? அது பால் நிறுக்குற நேரத்துக்குத்தானே வரும்?" யாருக்கும் அது விளங்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். பால் நிறுக்கிற நேரம் என்றால் காலை பத்தரை, பதினொன்று. அந்தக் குன்றில் அன்று நேரத்தைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான், அவரோ கட்டணம் கட்டி அழைத்துவரப்பட்ட பயணி.

பத்து நாற்பதுக்கு இறங்கச் சொன்னபோது, கலங்கரை விளக்கத்தடியில் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணி எங்களைப் பார்த்து, "இப்போதா போகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார். கேலி இல்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. நான் உங்கள் தம்பியிடம் ஒரு மணி நேரம் கேட்டேன். அவன் அலுவலகத்துக்கு அழைத்தான். அலுவலகம் முடியாது என்றது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கொடுமை. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் காலை வைத்து வைத்து இறங்கினார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பதினொன்றே கால். அப்போதுதான் மேலே பார்த்தோம். குன்றின் உச்சிக்கு மேல், சற்றுமுன் நாங்கள் நின்றிருந்த அதே இடத்துக்கு மேல், ஒரு கூட்டம் சுழன்றுகொண்டிருந்தது. கீழேயிருந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வரை எண்ணினேன், ஹார்ன் அடித்துவிட்டார்கள். ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு அத்தை பார்த்தார், பஸ் திரும்பியதும் மரம் மறைத்துவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல, வந்துருச்சு இல்ல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, அப்படி என்ன அவசரம் என்று பார்த்தால், அடுத்த நிறுத்தம் நெருப்புக்கோழிப் பண்ணை. வலசைப் பயணத்தின் பகுதியாக, பறக்கவே தெரியாத பறவை! அதற்கடுத்து சாக்லேட் கடை, அங்கே ஐம்பத்தைந்து நிமிடம். கடையில் கொடுத்த நேரத்தைக் குன்றில் கொடுத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். விளம்பரத்தில் போட்டிருந்த படத்தையும் இப்போதுதான் உற்றுப் பார்த்தேன், அது அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு. அது நம் நீரிணையைக் கடந்து வந்தால் நீங்கள் சொல்லாமலே உலகமே இங்கே கூடிவிடும்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இப்போது எதற்கு முன்னாலும் இயற்கை என்று ஒரு சொல்லை ஒட்டினால் விலை ஏறிவிடுகிறது. மின்மினி பார்க்க அழைத்துப்போய்ப் படகில் டார்ச் அடிக்கிறார்கள், ஆமை முட்டையிடுவதைப் பார்க்க அழைத்துப்போய்ப் பாட்டுப் போடுகிறார்கள். இதே குன்றில் மலேசிய இயற்கைச் சங்கத்தார் 2000-ஆம் ஆண்டிலிருந்து மார்ச் மாதத்தில் பருந்து காணும் விழா நடத்தி வருகிறார்கள். எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அவர்களிடம் கேட்டிருந்தாலே போதும், ஒரு தொலைபேசி அழைப்பு. மேலே நின்ற அந்தப் பெண்மணியைப் போன்றவர்கள் நாள்தோறும் வெயிலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். நாம் அதே இடத்துக்குப் பஸ் நிறைய ஆள் கொண்டுபோய், பறவை வரும் நேரம் பார்த்துத் திருப்பி ஏற்றுகிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் தம்பிக்குச் சொல்லிக்கொடுங்கள். 1606-ஐ விட இது சுவையான கதை. இந்தத் தேன் பருந்துகளில் ஒரு பகுதி ஜப்பானில் கூடு கட்டுபவை. ஜப்பானிய ஆய்வாளர்கள் அவற்றின் முதுகில் சின்னக் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் ஜப்பானிலிருந்து கிளம்பும்போது கிழக்குச் சீனக் கடலை நேராகக் கடக்கின்றன. வசந்தத்தில் திரும்பும்போது அந்தக் கடலுக்குள் இறங்காமல் சீனா வழியாக மேலே போய், கொரியத் தீபகற்பத்தின் வழியாக ஜப்பானுக்குப் போகின்றன. இத்தனையும் குளவிக் கூட்டையும் தேனடையையும் பிய்த்துப் புழு தின்று வாழ்கிற ஒரு பறவை. அத்தைக்கு இதை நான் பஸ்ஸில் சொன்னேன். "அப்ப எங்கப்பா சொன்னது பாதிதான்" என்றார்.

ஆகவே மறுபடியும், பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மார்ச் மாதத்து நிரலை அச்சடிக்கும் முன் நேரத்தை மாற்றுங்கள். காலையில் நிம்மதியாகப் பசியாற விடுங்கள். ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும், முட்டிவலிக்காரர்களும் பத்தரைக்குள் மெதுவாக ஏறிவிடுவார்கள். மூன்று மணி வரை இருக்க விடுங்கள். மழை வந்து பறவை வராவிட்டால் அது இயற்கை, அப்போது உங்கள் நான்கு வரிப் பதிலை நானே ஏற்றுக்கொள்கிறேன். தேன் பருந்தையும் செம்பருந்தையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள், அல்லது அந்தத் தம்பிக்கே கற்றுக்கொடுங்கள், அவன் கற்றுக்கொள்வான். நெருப்புக்கோழியை விட்டுவிடுங்கள், அது எங்கேயும் போகாது.

நிரல் மாறியது என்று தெரிந்தால் இரண்டு இடத்துக்கு முழுப்பணமும் கட்டி முன்பதிவு செய்கிறேன். பஸ்ஸில் படிக்குப் பக்கத்து இருக்கை ஒன்று மட்டும் அத்தைக்கு ஒதுக்குங்கள். மேலே உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலியை நானே தூக்கி வருகிறேன்.

இப்படிக்கு,
பதினொன்றே காலுக்குப் பஸ்ஸில் இருந்த 28 பேரில் ஒருத்தி
கிள்ளான்