பழைய லென்ஸுக்குக் கண் வைத்த கதை

பாளையங்கோட்டை
ஜனவரி 18

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி உன் வீட்டில் மேசைமேல் ஒரு சாமான் தங்காது. இங்கே என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பொங்கல் வாரத்தைத் தவிர.

சரி, நீ கேட்ட விஷயம். உன் 500 எம்எம் ரிஃப்ளெக்ஸ் லென்ஸில், அதான் உள்ளே கண்ணாடி வைத்த அந்தக் கேமரா லென்ஸில், ஐபீஸ் (டெலஸ்கோப்பில் கண் வைக்கும் சின்ன லென்ஸ்) மாட்டிப் பறவை பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் நீ நினைக்கிற மாதிரி இருக்காது. நான் பட்டதைச் சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்.

ஸ்டுடியோவை மூடிய நாளிலிருந்து என் 300 எம்எம் எஃப்/4 லென்ஸ், பீரோவில் துணிக்கடைப் பைக்குள் கிடந்தது. கேமராவில் ஷட்டர் போய்விட்டது. லென்ஸில் மட்டும் பூஞ்சை ஒரு பொட்டு இல்லை. யோசித்தால் சின்ன விஷயம்தான். ஃபிலிம் இருந்த இடத்தில் விழும் பிம்பத்தை ஓர் ஐபீஸ் வழியாகப் பார்த்தால் அதுவே டெலஸ்கோப். லென்ஸின் எம்எம்மை ஐபீஸின் எம்எம்மால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும்.

முதலில் ஒரு வளையம் வாங்கினேன். ஒரு பக்கம் நிக்கான் லென்ஸ் மாட்டும் மவுண்ட், மறுபக்கம் டெலஸ்கோப் ஐபீஸ் நுழையும் ஒன்றேகால் அங்குல ஓட்டை. 25 எம்எம் ஐபீஸ், 12 மடங்கு. மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் காக்கா வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகிறது! நிமிர்த்துவதற்கு டயகனல் ஒன்று, அதாவது உள்ளே சாய்கண்ணாடி வைத்த முழங்கைக் குழாய், வாங்கினேன். அது நிமிர்த்தியது, ஆனால் இடம் வலத்தை மாற்றிவிட்டது. அதோடு ஃபோகஸும் போனது. பக்கத்து வேப்பங்கிளையில் இலை நரம்பு வரை தெரிகிறது, அதற்கு அப்பால் எல்லாம் புகை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வெற்றுக் குழாயைப் போட்டால் கிட்ட இருப்பது மட்டும்தான் தெளியும், உனக்குத் தெரியாததா? அதே கதைதான். நிக்கான் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை, அதாவது பிம்பம் விழும் இடம் வரை, 46.5 மில்லிமீட்டர்தான். டயகனல் அதைவிட அதிகமாக விழுங்கிவிடுகிறது. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அளந்து பார்க்காதது நான்.

கடைசியில் நிக்கானே ஒரு காலத்தில் விற்ற லென்ஸ் ஸ்கோப் கன்வர்ட்டர் செகண்ட் ஹேண்டில் அகப்பட்டது. படத்தை நிமிர்த்த உள்ளேயே ப்ரிஸம், 10 எம்எம் ஐபீஸ் கணக்கு. என் லென்ஸில் 30 மடங்கு, படம் நேராக.

போன ஞாயிறு விடிகாலையில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போனேன். ட்ரைபாடை வரப்பில் ஊன்றி, லென்ஸின் வாய் முழுசாகத் திறக்க அப்பர்ச்சர் வளையத்தை 4-க்குத் திருப்பிக் கண் வைத்தேன். முதல் ஐந்து நிமிஷம் வெறும் தண்ணீர்தான். 30 மடங்கில் ஒரு பறவையைத் தேடுவது சாவித்துவாரம் வழியே கல்யாணம் பார்ப்பது போல. பிறகு ஒரு வரித்தலை வாத்து உள்ளே வந்தது. பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு அலகின் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. அலகிலிருந்து சொட்டிய தண்ணீர்கூடத் தெரிந்தது. எங்கே போகின்றன என்று அறிய மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வாத்துகள் உண்டு என்பதால் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வரை எண்ணினேன், ஒன்றிலும் இல்லை. முப்பது வருஷம் அந்த லென்ஸ் வழியே பார்த்தவன்தான், ஆனால் அப்போதெல்லாம் எப்போது பட்டனை அழுத்துவது என்பதிலேயே புத்தி இருக்கும். பத்து மணிக்குமேல் வெயிலில் காற்று நடுங்க ஆரம்பித்ததும் வாத்துகளும் நெளிந்தன. மூட்டை கட்டினேன்.

இப்போது உன் லென்ஸ். அது எஃப்/8, அதாவது 500-ஐ 8-ஆல் வகுத்தால் வாய் அகலம் 62.5 எம்எம். கன்வர்ட்டர் போட்டால் 50 மடங்கு, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.25 எம்எம்தான். என்னுடையதில் 2.5. மேகம் போட்டால் உனக்கு இருட்டறை. அதனால் நீ நான் முதலில் வாங்கினது போன்ற வளையத்தையே வாங்கி 25 எம்எம் ஐபீஸ் போடு. 20 மடங்கில் வெளிச்சமாக இருக்கும். தலைகீழாகத்தான் தெரியும், நிலாவுக்கு அதனால் என்ன? வியாழனின் நான்கு நிலாக்களும் வரிசையாகத் தெரியும். அந்த லென்ஸில் எடுத்த ஃபோட்டோவில் பின்னால் மங்கின வெளிச்சப் புள்ளிகள் உளுந்தவடை உளுந்தவடையாக விழுமே, அந்தத் தொல்லையும் இதில் அவ்வளவாகப் படாது.

உன் மருமகனின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது டிஜிட்டல் கேமரா) லென்ஸில் மட்டும் கை வைக்காதே. அந்த வகையில் பெரும்பாலானவற்றுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் ஃபோகஸ் வளையம் சும்மா சுற்றும். கையில் லென்ஸே இல்லாதவன் யாராவது கேட்டால், நேரே ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது பறவை பார்க்கவென்றே செய்த சின்ன டெலஸ்கோப், வாங்கச் சொல்லிவிடு. பெரும்பாலும் எடையும் குறைவு, மழைக்கும் பயமில்லை.

வாத்துகள் கிளம்புவதற்குள் ஒரு நடை வா. என் முட்டிக்குப் பைக் ஒத்துவரவில்லை, உன் காரை எடுத்து வந்துவிடு. டயகனலையும் எடுத்து வைத்திருக்கிறேன், பேத்திக்கு விளையாடக் கொடு.

அன்புடன்,
மணி