பாஸ்தா கேட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார ஆரோக்கியப் பக்கத்தில், நீரிழிவுக்காரர்கள் பாஸ்தாவை விட்டுவிட்டுச் சுக்கினிக் காயை நூல் நூலாகச் சீவிச் சாப்பிடலாம், வீட்டில் எல்லாரும் விரும்புவார்கள் என்று போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. எங்கள் வீட்டில் பேரனின் பிறந்தநாளுக்கு மக்கரோனி அவித்ததோடு சரி. கல்லடியில் சீனி வருத்தக்காரருக்குத் தலையிடி காலை இடியப்பமும் பகல் சோறும் இரவுப் பிட்டும்தான். தாங்கள் அறியாததா?

முன்பொருமுறை சால்மன் மீன் சாப்பிடச் சொன்னீர்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற ஊரில் உட்கார்ந்து அதை வாசித்தோம். பிறகு ஒலிவ் எண்ணெய். அப்போது நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, கவிதைப் பக்கத்தின் அடியில் ஒட்டியதும் நினைவிருக்கிறது.

சொன்ன கணக்கில் பிழையில்லை. வெந்த பாஸ்தா 100 கிராமில் 25 முதல் 30 கிராம் வரை மாப்பொருள். சுக்கினியில் 3 கிராமளவுதான். ஆனால் நம் சுரைக்காயிலும் 4 கிராமுக்குள்தானே? பிஞ்சுக் காயாக வாங்கி, விதைப் பகுதியை விட்டு நீளவாக்கில் மெல்லியதாகச் சீவி, உப்புத் தூவிச் சற்று வைத்துப் பிழிந்து, சூடான தாச்சியில் இரண்டு பிரட்டு. கூட நேரம் விட்டால் கூழ்தான். மேலே இறால் குழம்பு. என் கணவர் முதல் நாள் முகத்தைச் சுளித்தார். இப்போது தானே காய் வாங்கி வருகிறார். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திச் சீனியைப் பார்த்தால், இடியப்பம் தின்ற நாளைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது.

குரக்கன் என்றால் பயமே இல்லை என்று எழுதியதும் உங்கள் பக்கம்தான். அந்த மாவிலும் 100 கிராமுக்கு 70 கிராமளவு மாப்பொருள் இருக்கிறது; நார்ச்சத்துக் கூட, அவ்வளவுதான். அதை நம்பி நீத்துப்பெட்டி நிறைய அவித்து, தேங்காய்ப்பூவும் வாழைப்பழமுமாகப் பிசைந்து தின்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். இன்சுலின் போடுகிற எங்கள் அயல்வீட்டு அக்கா, மாப்பொருளைக் குறையுங்கள் என்பதை வாசித்துவிட்டுச் சோற்றை நிறுத்தினார், ஊசியின் அளவை அப்படியே விட்டார். பின்னேரம் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. மகள் சீனித்தண்ணி பருக்கியதால் தப்பினார். ஊசி போடுகிறவர்களும், சீனியைச் சட்டென்று இறக்கும் சில குளிசைகள் எடுக்கிறவர்களும் சாப்பாட்டை மாற்றுமுன் கிளினிக்கில் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுத, அந்த அழகான சுக்கினிப் படத்துக்கு மேலே இடமில்லாமலா போனது?

அந்த ஒரு வரியை அடுத்த இதழிலாவது போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் போடுங்கள். இந்த வருத்தக்காரர் பலருக்குக் கண்ணும் மங்கல்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.