தனி அலுவலர் சார், தீர்மானத்த முன்னாடியே ஒட்டுங்க

மதிப்புக்குரிய ஊராட்சி தனி அலுவலர் அவர்களுக்கு, கூடவே செயலர் அண்ணனுக்கும்,

வணக்கம் சார். ஊர் பேர போடல, போட்டா முதல்ல மாட்டுறது செயலர் அண்ணன்தான், அவர் மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல. காவிரி கடைமடையில ஒரு ஊருன்னு வச்சிக்கங்க.

விஷயம் கிராம சபை பத்தி. முன்னெல்லாம் வருசத்துக்கு நாலு, 2022லேர்ந்து மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டையும் சேத்து ஆறு ஆக்குனாங்க, நல்லதுதான். ஆனா ஆறுலயும் நடக்குறது என்னன்னா, மேலேர்ந்து வந்த பேப்பர செயலர் வாசிப்பாரு, தொட்டியில குளோரின், டெங்கு கொசு, பிளாஸ்டிக் ஒழிப்பு, ஜல் ஜீவன், மலையோர ஊருக்கும் அதே வாசகம் கடலோர ஊருக்கும் அதே வாசகம். அவரு வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள தீர்மான நோட்டு பந்தியில சாம்பார் வாளி வர்ற மாதிரி வரிசையா வந்துடும், எதுக்குங்க கையெழுத்துன்னு கேட்டா "வந்ததுக்கு"ங்குறாங்க. வந்ததுக்குப் போட்டதுதான் பின்னாடி ஒத்துக்கிட்டதுக்குப் போட்டதா ஆயிடுது.

கோரம், அதான் சபை செல்லுறதுக்கு குறைஞ்சது இத்தன பேர் வரணும்ங்குற கணக்கு, அந்தக் கதை உங்களுக்கே தெரியும். எங்க ஊரு 3000 பேருக்கு மேல, அதனால 200 பேர் வரணும், 10000 தாண்டுன ஊருன்னா 300. நூறு நாள் வேலை பொம்பளையாளுங்கள உக்கார வச்சா கணக்கு சரியாயிடும். அவங்க வர்றதுல தப்பே இல்ல, தெருக்குழாய் எப்ப வருது எந்த லைட் எரியலன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்கும் தெரியாது, ஆனா ஒருத்தவங்க எந்திரிச்சு கேட்டா "மனுவா எழுதிக் குடும்மா"ன்னு உக்கார வச்சிடுறாங்க. அப்பறம் எதுக்கு சபை?

1994 ஊராட்சிகள் சட்டத்துல, வருச பட்ஜெட்டுக்கும் ஊராட்சி திட்டத்துக்கும் ஒப்புதல் குடுக்குறதே கிராம சபை வேலைதான்னு இருக்கு. தொகையே தெரியாம எப்படிங்க ஒப்புதல் குடுக்குறது? அமெரிக்காவுல வெர்மான்ட்டுனு ஒரு சின்ன மாநிலம், அங்க மார்ச் முதல் செவ்வாக்கிழமை டவுன் மீட்டிங். அன்னிக்கு எதெதுக்கு முடிவு எடுக்கப்போறாங்கன்னு குறைஞ்சது 30 நாளைக்கு முன்னாடியே ஒட்டிடணும், வாக்காளர்ல 100க்கு 5 பேர் கையெழுத்து போட்டுக் குடுத்தா அவங்க விஷயமும் அந்த லிஸ்ட்ல ஏறலாம், கூட்டத்துல ஒருத்தரு எந்திரிச்சு இந்தத் தொகைய கொறைங்கன்னா அதுக்கும் ஓட்டு எடுப்பாங்க. அதுக்காக அது சொர்க்கம்னு சொல்லல, அங்கயும் நெறைய ஊர்ல கூட்டத்துல பேசுறத விட்டுட்டு பெட்டியில ஓட்டு போடுற முறைக்கு மாறிட்டாங்க. ஆனா முன்னாடியே ஒட்டுறதுக்கு நமக்கு என்ன கேடு, ஒரு ஜெராக்ஸ் செலவுதானே.

நான் முக்கியமா கேக்குறது தூர்வாருறது. ஜூன் 12 மேட்டூர் தொறக்குறது கணக்கு. மார்ச் மாசம் சம்பா அறுத்தாச்சு, வாய்க்கால் காஞ்சு கெடக்கும், எங்க கோரை மண்டியிருக்கு, எங்க மதகு ஒடஞ்சிருக்கு, யாரு வரப்ப நவுத்தி வாய்க்கால சுருக்கியிருக்காங்கன்னு கண்ணுக்கு நல்லாத் தெரியும் (இந்த கடைசி சமாச்சாரத்த சபையில யாரும் பேச மாட்டாங்க, ஏன்னா எல்லாரும் பங்காளிங்க). அப்ப பேசாம, நவம்பர் 1 சபையில மழை கொட்டி வடிகால் அடச்சி நட்ட பயிரு முழுகி நிக்கும்போது கத்துறோம். அன்னிக்கு பொக்லைன் எந்த வழியா எறங்கும்? ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத்துறை, ஊராட்சி கையில இல்லன்னு சொல்லுவீங்க, சரி, எந்த வாய்க்கால முதல்ல எடுக்கணும்னு ஊரு தீர்மானம் போட்டு அந்தத் துறைக்கு அனுப்பலாம்ல, அதுக்கு யாரு தடை?

தலைவர் இருந்தப்ப டீக்கடையில நிறுத்தி கேப்போம். 2019 டிசம்பர்ல ஓட்டு போட்டு வந்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சுபோச்சு, வார்டு மெம்பரும் இல்ல, இப்ப நீங்கதான். உங்க கையில எத்தனையோ ஊராட்சி, பாவம், உங்கள எங்க போயி புடிக்கிறது? எங்களுக்கு மிச்சம் இருக்குற ஒரே எடம் இந்த சபைதான் சார். ஜனங்களுக்கு அக்கறை இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, பூமியத் தோண்டி எண்ணெய், எரிவாயு எடுக்குற ஹைட்ரோகார்பன் திட்டம் வேணாம்னு டெல்டா ஊருங்க சபையில தீர்மானம் போட்டப்ப எங்க ஊர்ல யாரையும் கூப்புட வேண்டியிருக்கல, தானா வந்தாங்க. டெல்டாவுல அந்த மாதிரி புதுத் திட்டத்துக்குத் தடை போட்டு 2020ல வேளாண் மண்டல சட்டம் வந்ததுக்கு இந்த மாதிரி ஊருங்களோட சத்தமும் ஒரு காரணம்.

அதனால அடுத்த மார்ச் 22க்கு, பதினஞ்சு நாள் முன்னாடி ரேஷன் கடையிலயும் சொசைட்டி வாசல்லயும் ஒட்டுங்க, எந்த வேலை, எந்தத் தெரு, எவ்ளோ ரூபா, எந்த நிதி. கீழத்தெரு சுடுகாட்டுப் பாதைய அதுல சேருங்க, அது எத்தன தடவ மனுவா போச்சுன்னு செயலர் அண்ணனுக்குத் தெரியும். கை தூக்கச் சொல்லி எண்ணுங்க, வேணாம்னவங்க எண்ணிக்கையும் நோட்டுல ஏறட்டும். கையெழுத்து கடைசியில வாங்குங்க, எழுதினத சத்தமா வாசிச்சு காட்டிட்டு. அன்னிக்கு கொசுவ பத்தி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, போன வருச தீர்மானம் ஒவ்வொண்ணும் எந்த ஆபீஸ்ல நிக்குதுன்னு சொல்லிடுங்க.

இப்படிக்கு,
கடைமடை வாக்காளர் ஒருத்தர்