விலகும் வீரருக்கு ஈடு: வளர்த்த ஆண்டுகளே அளவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொகைகளோடு நின்றுவிடுகின்றன. ஜப்பானிய நட்சத்திர வீரர் ஷோஹெய் ஓஹ்தானி 2023 டிசம்பரில் பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸ் அணிக்குச் சென்றது தலைப்புச் செய்தியானது. ஆறு பருவங்கள் அவரை வைத்திருந்த ஏஞ்சல்ஸ் அணிக்கு ஈடாகக் கிடைத்தது, 2024 டிராஃப்டில் 74-ஆவது தேர்வு மட்டுமே என்பது அதிகம் பேசப்படவில்லை. (டிராஃப்ட் என்பது புதிய வீரர்களை அணிகள் வரிசைமுறையில் எடுத்துக்கொள்ளும் ஆண்டு நிகழ்வு; அதில் ஒரு வீரரை எடுக்கும் வாய்ப்பே ‘தேர்வு’. வரிசையில் முன்னால் இருப்பதற்கே மதிப்பு அதிகம்.) இந்த ஈட்டு முறை நியாயமானதல்ல என்பதே என் கருத்து.

ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடிந்த வீரர், ஒப்பந்தம் தீர்ந்ததும் ஃப்ரீ ஏஜென்டாக விரும்பிய அணிக்குப் போகலாம். அவரை இழக்கும் அணிக்கு ஈடு வேண்டுமானால், முதலில் அவருக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் எனப்படும் ஓராண்டு ஒப்பந்தத்தை முன்வைத்திருக்க வேண்டும். அதன் தொகை, லீக்கில் அதிகச் சம்பளம் பெறும் 125 வீரர்களின் சராசரி. 2025 இறுதியில் அது 2.2 கோடி டாலருக்குச் சற்று மேல். வீரர் அதை மறுத்து வேறு அணியில் சேர்ந்தால்தான் பழைய அணிக்குக் கூடுதல் தேர்வு கிடைக்கும். அவரைச் சேர்த்துக்கொள்ளும் அணியோ தன் தேர்வுகளில் ஒன்றையோ இரண்டையோ இழக்கும்.

சிறு நகர அணிகளைக் காக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். ஆனால் நடுத்தரத் திறமையுள்ள ஒரு வீரர் அந்த ஓராண்டு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால், பணமில்லாத அணியின் சம்பளப் பட்டியலில் பெரும்பகுதி அவர் ஒருவருக்கே போய்விடும். அந்த அச்சத்தில் ஆஃபரையே முன்வைக்காத அணி, பல ஆண்டுகள் வளர்த்த வீரரை ஈடு ஏதுமின்றி இழக்கிறது. அந்தத் துணிச்சலை எளிதில் காட்டக்கூடியவை பணக்கார அணிகள்தாம்.

ஈட்டின் அளவை நிர்ணயிக்கும் விதிகளும் வீரரை யார் வளர்த்தார் என்று பார்ப்பதில்லை. ஹுவான் சோட்டோ நியூயார்க் யாங்கீஸில் ஆடியது 2024 என்ற ஒரே பருவம். அவர் 76.5 கோடி டாலருக்கு மெட்ஸுக்குச் சென்றபோது, சம்பள வரம்பைத் தாண்டி வரி கட்டும் அணி என்பதால் யாங்கீஸுக்கு நான்காம் சுற்றுக்குப் பின் ஒரு தேர்வு தரப்பட்டது. ஏஞ்சல்ஸ் அணியும் 2023-இல் அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் அதற்கும் அதே இடம்தான் கிடைத்திருக்கும். அந்த ஆகஸ்ட் இறுதியில் பல வீரர்களை விடுவித்து வரம்புக்குள் வந்ததால்தான் 74-ஆவது தேர்வாவது அதற்குக் கிடைத்தது. ஆறு பருவங்களையும் ஒரு பருவத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய விதியை எப்படி நியாயம் என்பது?

பழைய விதிகள் இதைவிடவும் மோசமாக இருந்தன. இன்று உலகறிந்த மைக் ட்ரவுட்டை ஏஞ்சல்ஸ் 2009-இல் 25-ஆவது தேர்வாக எடுத்தது, மார்க் டெஷேராவை யாங்கீஸிடம் இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த இடத்தில்தான். டெஷேரா ஏஞ்சல்ஸில் ஆடியதோ 2008 ஜூலை இறுதி முதல் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மட்டுமே. அவரை டிராஃப்டில் எடுத்து வளர்த்தது டெக்ஸஸ். பருவத்தின் நடுவில் கைமாறிய வீரருக்கு ஈடு கிடையாது என்ற விதி 2012-இல் வந்து அந்த ஓட்டையை அடைத்தது. அதற்குள் இருந்த கொள்கையை, அதாவது வைத்திருந்த காலத்துக்கு மதிப்புத் தரும் கொள்கையை, ஏன் முழுமையாகக் கொண்டுசெல்லவில்லை என்பதே என் கேள்வி.

வீரர்களுக்கு நேரும் இழப்பு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. 2015-இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது பெற்ற டாலஸ் கைக்கல், 2018 இறுதியில் 1.79 கோடி டாலர் ஆஃபரை மறுத்தார். அவரைச் சேர்த்தால் தேர்வு பறிபோகும் என்ற கணக்கும் சேர்ந்துகொள்ள, பருவம் தொடங்கியும் அவர் அணியின்றி இருந்தார். டிராஃப்ட் தொடங்கி அந்தத் தண்டனை காலாவதியான 2019 ஜூனில்தான் அட்லாண்டா அவரை 1.3 கோடி டாலருக்கு எடுத்தது. அவரைப் போலவே ஆஃபரை மறுத்திருந்த கிரெய்க் கிம்பிரலும் அதே மாதம்தான் சிகாகோ கப்ஸில் சேர்ந்தார். உரிமையாளர்களின் இழப்பை ஈடுசெய்ய, தன் உழைப்பால் விடுதலை பெற்ற தொழிலாளி ஏன் விலை கொடுக்க வேண்டும்? 1981-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து 713 ஆட்டங்கள் ரத்தானதும் இந்த ஈட்டுப் பிரச்சினையால்தான்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 1994 முதல், வீரரைச் சேர்க்கும் அணியிடமிருந்து எதையும் பறிக்காமல், ஃப்ரீ ஏஜென்டுகளைச் சேர்த்ததைவிட அதிகமாக இழந்த அணிகளுக்குப் பொதுவிலிருந்து கூடுதல் தேர்வுகளைத் தருகிறது. பின்னாளில் அந்த லீக்கின் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடி 2000-இல் 199-ஆவதாக எடுக்கப்பட்டது அப்படியொரு தேர்வில்தான். அந்த லீக் தன் கணக்கீட்டு முறையை வெளியிடுவதில்லை என்பது குறையே. எனினும் அடிப்படை சரியானது. பேஸ்பாலிலும் இப்படிக் கூடுதல் தேர்வுகள் நுழைந்தால் மற்ற அணிகளின் இடம் சற்றுப் பின்னுக்குப் போகும். அந்தச் சுமை ஓர் அணியின் தலையிலோ ஒரு வீரரின் சம்பளத்திலோ விழாமல் முப்பது அணிகளிடையே பரவும்.

பேஸ்பாலின் தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவடைகிறது. 2022-இல், வெளிநாட்டு இளம் வீரர்களையும் டிராஃப்ட் மூலம் எடுக்கும் சர்வதேச டிராஃப்டை வீரர் சங்கம் ஏற்றால் குவாலிஃபையிங் ஆஃபரை நீக்குவதாகப் பேசப்பட்டு, உடன்பாடு எட்டாமல் கைவிடப்பட்டது. இம்முறை அதை வேறெதற்கும் பண்டமாற்றாக வைக்காமல், ஆஃபர் என்ற நிபந்தனையையும் சேர்க்கும் அணிக்கான தண்டனையையும் நீக்கி, வீரர் அந்த அணியில் ஆடிய ஆண்டுகளுக்கேற்பக் கூடுதல் தேர்வின் இடத்தை இரு தரப்பும் நிர்ணயிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்